எர்த் பின் ஏன் நீளம்?

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடலோரத் தெருவில் பழைய பிளக் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புக்காற்று ஜன்னல் கம்பியோடு நிற்பதில்லை. சாக்கெட்டுக்குள் இருக்கும் தகட்டையும் அரிக்கிறது. அரித்த தகடு பின்னை இறுக்கிப் பிடிக்காது. பிடி தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். அயர்ன் பாக்ஸைவிட பிளக் அதிகமாகச் சுடுகிற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

நம் உருண்டைப் பின், பிரிட்டன் 1934இல் வகுத்த பிஎஸ் 546 தரத்தின் வாரிசு. பிரிட்டன் 1947இல் செவ்வகப் பின்னுக்கு மாறிவிட்டது. அந்தப் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு. நம்முடையதில் கிடையாது. இங்கே ஐஎஸ் 1293 தரப்படி வீட்டுக்கு 6 ஆம்பியர், 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் சின்னது 1,380 வாட் வரை தாங்கும். 2,000 வாட் கெய்சரை கன்வெர்ட்டர் மாட்டி அதில் ஓட்டுவது ஒயரைக் கொளுத்துகிற வேலை.

மூன்று பின்களில் கெட்டிக்காரத்தனம் முழுக்க மேலே இருப்பதில்தான். எர்த் பின் நீளம் என்பதால் செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். தடிமன் என்பதால் மற்ற துளையில் நுழையாது. ஷட்டர் வைத்த சாக்கெட்டில் கீழ்த் துளைகளைத் திறப்பதும் அதுவே; குழந்தை கம்பியை விட்டாலும் உள்ளே போகாது. நாமோ மேல் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஷட்டரைத் தள்ளி, டூ பின் சார்ஜரைச் செருகுகிறோம். அந்தச் சார்ஜரின் பின் தடிமன் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். 6 ஆம்பியர் சாக்கெட்டோ 5.1 மில்லிமீட்டர் பின்னுக்கானது. ஆடாமல் என்ன செய்யும்?

இன்னொரு வினை, கண்ணுக்குத் தெரியாதது. பழைய வாடகை வீடுகளில் எர்த் துளை இருக்கும், அதன் பின்னால் ஒயர் இருக்காது. சிலர் அந்த முனையை நியூட்ரலோடு முடிந்துவிட்டுப் போய்விடுவார்கள். டெஸ்டரை வைத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் வாஷிங் மெஷினின் உடம்பெல்லாம் கரண்ட். மன்னிக்கவே முடியாத குறுக்குவழி இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெயோடு புகுந்தது. அப்படி நனைந்த சாக்கெட்டை மேலே துடைத்துவிட்டு சுவிட்சைப் போடக் கூடாது. மெயினை அணைத்து, கழற்றி, மாற்றிவிடுவதே நல்லது.

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மெயின் போர்டில் இருந்தால், எர்த் ஒயர் இல்லாத வீட்டிலும் ஆளின் உடம்பு வழியே கரண்ட் தரைக்குக் கசியும்போது துண்டித்துவிடும். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை இன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சப்ளை நிற்காவிட்டால் அதை உடனே மாற்றுங்கள்.