நண்டு அமைச்சின் மிளகு நண்டு, எங்கள் குசினியில்

கொழும்பு கோட்டையில் உலக வர்த்தக மையத்துக்கு அருகே ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. தடித்த சுவர்கள், ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம். போர்க் காலத்தில் அது கோட்டைப் பொலிஸ் நிலையமாக இருந்தது. 1996இல் மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் சேதமடைந்தது. போர் முடிந்த பிறகு திருத்தி, 2011இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாகத் திறந்தார்கள். அதே ஆண்டில் அங்கு தொடங்கியதுதான் 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்'. தமிழில் சொன்னால் நண்டு அமைச்சு. சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் என்ற பட்டியலில் பல தடவைகள் இடம்பிடித்த உணவகம் அது.

அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. இலங்கையின் நல்ல சேற்று நண்டுகள் எல்லாம் உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுகின்றன. இலங்கையில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஏற்றுமதித் தரத்தில் உள்ள நண்டை இங்கேயே பரிமாறுவோம் என்றார்கள். அரைக் கிலோவில் தொடங்கி, நிறைக்கு ஏற்ப விலை. 2 கிலோவும் அதற்கு மேலும் உள்ளதற்குக் 'கிராப்ஸில்லா' என்று பெயர்.

இந்தக் காரணம் வடக்குக் கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. சேற்று நண்டு கண்டல் காடும் களப்பும் உள்ள இடத்தில் வளர்வது. புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று எங்கள் கரைகளில் எல்லாம் இருக்கிறது. பிடித்த அன்றே காலைக் கட்டி, நிறுத்து, தரம் பிரித்து, பெரியதை வியாபாரி எடுத்துப் போய்விடுவார். ஒற்றைக் கால் இல்லாததும், கோது மாற்றி நீர் கோத்ததும், சின்னதும்தான் சந்தைக்கு வரும். கடல் நீரில் வலையில் படும் நீல நண்டின் கதையும் அதுதான். அது வடக்கில் உள்ள நண்டுக் கொம்பனிகளுக்குப் போய், அவித்து, பெரும்பாலும் பெண்களின் கையால் சதை எடுக்கப்பட்டு, அமெரிக்காவுக்குப் போகிறது. நண்டைப் பிடிக்கிறவர் வீட்டிலும் உடைக்கிறவர் வீட்டிலும் நல்ல நண்டு சமைப்பது கொண்டாட்ட நாளில் மட்டும்தான்.

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தோடு நான் ஒரு முறை அந்த உணவகத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு நண்டின் விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மாத அரிசி வாங்கலாம். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அந்த நண்டும் அந்தச் சமையலும் அப்படிப்பட்டவை. ஆனால் மிளகு நண்டின் சாற்றைப் பாணில் தொட்டுச் சாப்பிட்டபோது எனக்கு ஒரு வாசம் பிடிபட்டது. அது எங்கள் சம்பலில் இருக்கிற வாசம். அதற்குப் பிறகுதான் இதை வீட்டில் சமைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பெரிய உணவகத்தின் சாப்பாட்டை வீட்டில் செய்வதென்றால் பலரும் முதலில் பொருட்களின் பட்டியலைத் தேடுகிறார்கள். அது கிடைக்காது, இது கிடைக்காது என்று அந்த இடத்திலேயே கைவிட்டும் விடுகிறார்கள். நான் அப்படித் தொடங்குவதில்லை. ஒவ்வொரு பொருளும் அந்தச் சட்டியில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், அந்த வேலையைச் செய்ய எங்களிடம் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் இருந்தவர்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். சீனி இல்லாதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். நாலு துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அன்று கட்டாயத்தில் செய்ததை இன்று ருசிக்காகச் செய்கிறேன், அவ்வளவுதான்.

மிளகு நண்டுக்கு அந்த உணவகம் சொல்லும் பொருட்கள் மூன்று: கையால் இடித்த மிளகு, முழு மிளகு, மிளகு போட்ட 'டாஷி'. முனிதாசவின் தாயார் ஜப்பானியர். டாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு. கொம்பு என்ற கடற்தாவரத்தையும் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலையும் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள்.

இந்தக் கட்சுவோபுஷி என்ன மீன்? சூரை. அவித்து, புகையில் போட்டு, கல் மாதிரி இறுகும் வரை உலர்த்திய சூரை. எங்கள் மாசி என்ன? அதே சூரையை அவித்து, புகை காட்டி, வெயிலில் உலர்த்தியது. ஜப்பானியர் பல வேளைகளில் அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கவிட்டு மேலும் பதப்படுத்துவார்கள். பிறகு மெல்லிய தாள்போலச் சீவுவார்கள். நாங்கள் உரலில் இடிக்கிறோம். வேறுபாடு அவ்வளவே. மாலைதீவிலிருந்து பாய்மரக் கப்பல் வந்த காலம் தொட்டு இலங்கையில் மாசி விற்கிறது. சீனிச் சம்பலுக்கும் கட்டச் சம்பலுக்கும் அந்த ஆழமான ருசியைக் கொடுப்பது அதுதான். உணவகத்தில் எனக்குப் பிடிபட்ட வாசமும் அதுவே.

ருசியின் கணக்கும் விஞ்ஞானிகளுக்குத் தெரிந்ததுதான். 1908இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பிலிருந்து குளுட்டமேற்றைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அஜினமோட்டோ பிறந்தது அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கோடமா, உலர்ந்த சூரையில் இனோசினேற்று என்ற இன்னொரு பொருளைக் கண்டார். இரண்டும் ஒரே சாற்றில் சேரும்போது தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ருசி தூக்கும். டாஷியில் கடற்தாவரமும் மீனும் ஒன்றாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே மாசி மீனின் வேலையைச் செய்யும். கொம்பின் வேலைக்கு யார்? கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் இப்போது கடற்பாசி வளர்க்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். அது வேறு இனம். கூழ்போல இறுகவைக்கும் கராகீனன் எடுப்பதற்காக வளர்ப்பது, சாறுக்கு உதவாது. குளுட்டமேற்று நிறைய உள்ள, எங்கள் கைக்கு எட்டிய பொருள் நன்றாகப் பழுத்த தக்காளி. இரண்டு தக்காளியைப் பாதியாக வெட்டி ஒரு நாள் வெயிலில் வாடவிட்டால் போதும். காய்ந்த காளான் இருந்தால் இரண்டு சேர்க்கலாம். கடையில் விற்கும் சூப் கட்டியிலும் இகேடாவின் அதே உப்புத்தான் இருக்கிறது. ஒரு சிட்டிகை போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது மாசியின் புகை வாசத்தைத் தராது.

நால்வருக்கான சாறு இது. 40 கிராம் மாசியை உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். தூளாக்கினால் சாறு கலங்கிக் கசக்கும். முக்கால் லீட்டர் குளிர்ந்த தண்ணீரில் மாசியையும் வாடிய தக்காளியையும் அரை மேசைக்கரண்டி முழு மிளகையும் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். கட்சுவோபுஷி சீவல் சில நிமிடத்தில் சாறு விடும். மாசி கட்டியாக இருப்பதால் அதற்கு நேரம் வேண்டும். பிறகு மெல்லிய நெருப்பில் வைத்து, கொதித்துத் துள்ளவிடாமல் 20 நிமிடம். வடித்து எடுத்தால் இளம் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். வாயில் வைத்துப் பாருங்கள். மாசியிலேயே உப்பு இருப்பதால் இந்த இடத்தில் உப்புப் போடவேண்டாம்.

அடுத்தது மிளகு. எங்கள் நாட்டு மிளகில் காரம் கூட. பைப்பரின் என்ற காரப்பொருள் அதிகம் என்பதற்காகவே வெளிநாட்டில் கேட்டு வாங்குகிறார்கள். மிளகுக்கு இரண்டு முகம். காரம் எண்ணெயில் கரையும், நெருப்பைத் தாங்கும். வாசமோ ஆவியாகிப் பறக்கும். எல்லா மிளகையும் முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் தொண்டையில் எரிவு மட்டும் மிஞ்சும். அதனால்தான் மூன்று வேளையாகப் போடுவது. முழு மிளகு சாற்றில் ஊறும். கரகரப்பாக இடித்த ஒரு மேசைக்கரண்டி பட்டரில் பொரியும். அப்போதே இடித்த அரை மேசைக்கரண்டி, சட்டியை இறக்கும்போது மேலே விழும். போத்தலில் வரும் மிளகுத்தூள் இதற்குச் சரிவராது. அம்மியோ உரலோ போதும்.

நண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். சாறும் மிளகும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நண்டு சரியில்லாவிட்டால் எல்லாம் வீண். அந்த உணவகத்தில் உறைகுளிர்ப்பெட்டியே வைப்பதில்லை என்பது அவர்களின் கொள்கை. வீட்டில் அப்படியே பின்பற்ற வேண்டியது அதைத்தான். நண்டு செத்தவுடன் அதன் வயிற்றிலுள்ள சமிபாட்டு நொதியங்கள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் சதை மாப்போல் ஆகிவிடும். சேற்று நண்டை உயிரோடு மட்டும் வாங்குங்கள். கையில் தூக்கினால் பருமனுக்கு மேல் பாரமாக இருக்க வேண்டும். அடிப்பக்கம், கடைசிக் காலுக்கு அருகே பெருவிரலால் அமத்தினால் உள்ளே போகக்கூடாது. போனால் அது நீர் நண்டு. நிலவு காலத்தில் சதை இராது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நான் நிலவையும் பார்ப்பேன், அமத்தியும் பார்ப்பேன். வயிற்றின் கீழே வெளியில் முட்டை ஒட்டியிருக்கும் சினை நண்டை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். அடுத்த வருடத்து நண்டு அதில்தான் இருக்கிறது.

நீல நண்டு வலையிலிருந்து எடுத்ததும் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே விடியற்காலை கரைக்குப் போய் வாங்கி, ஐசில் வைத்துக்கொண்டுவந்து, அன்றே சமைக்க வேண்டும். உயிருள்ள சேற்று நண்டை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் மயங்கிவிடும். பிறகு அடிமூடியைத் தூக்கி, அதன் கீழே கூரான கத்தியால் ஒரு குத்து. கொதிநீரில் உயிரோடு போட்டால் காலைக் கழற்றிவிடும், சதையும் இறுகும்.

இனிச் சமையல். ஒரு கிலோ நண்டு: சேற்று நண்டென்றால் இரண்டு, நீல நண்டென்றால் ஐந்தாறு. கோதை எடுத்து, பூவைக் களைந்து, பாதியாக வெட்டி, பெரிய கால்களைக் கத்திப் பிடியால் ஒரு தட்டு. தாச்சியில் 50 கிராம் பட்டரை மெல்லிய நெருப்பில் உருக்கி, இடித்த மிளகைப் போட்டு ஒரு நிமிடம். நண்டைப் போட்டுக் கோது சிவக்கும் வரை பிரட்டுங்கள். சாற்றில் இரண்டு கோப்பை ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ் விட்டு மூடுங்கள். சேற்று நண்டுக்கு 10 முதல் 12 நிமிடம், நீல நண்டுக்கு 6 அல்லது 7. வெந்ததும் நண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். இது முக்கியம். உணவகத்து அடுப்பின் நெருப்பு பெரியது. சாறு நிமிடத்தில் வற்றும். எங்கள் காஸ் அடுப்பில் நண்டையும் சேர்த்து வற்றவிட்டால் சதை நாராகிவிடும். சாற்றை மட்டும் பெரிய நெருப்பில் மூன்றில் ஒன்றாக வற்றவைத்து, நண்டைத் திரும்பப் போட்டு, கடைசி மிளகைத் தூவி, உப்புப் பார்த்து இறக்குங்கள். இரண்டு கிலோ சமைப்பதென்றால் இரண்டு தரமாகச் சமையுங்கள். ஒரே தாச்சியில் குவித்தால் அவியுமே தவிரப் பிரளாது.

அவர்களுடைய இன்னொரு பெயர்பெற்ற சாப்பாடு உள்ளி மிளகாய் நண்டு. அதற்கு இத்தாலிய ஒலிவ் எண்ணெய், உள்ளி, இடித்த செத்தல் மிளகாய், ஜப்பானிய சோயா சோஸ். அதில் ஒலிவ் எண்ணெய் ருசியாகவே நிற்கிறது, வேலையாக மட்டும் அல்ல. தேங்காயெண்ணெயில் செய்தால் நல்ல நண்டுப் பிரட்டல் வரும். ஆனால் அது வேறு சாப்பாடு. காசு கொடுத்து ஒலிவ் எண்ணெய் வாங்க முடியாதவர்கள் மிளகு நண்டோடு நிற்பதே நல்லது என்பேன். உணவகத்தின் நண்டுக் கறியைப் பார்த்துச் செய்யவும் தேவையில்லை. யாழ்ப்பாணத் தூளும் பழப்புளியும் இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலையும் போட்ட கறி எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது.

தொட்டுச் சாப்பிட அவர்கள் கொடுப்பது கடைப் பாண். சந்தி வெதுப்பகத்தில் விறகுப் போறணையில் சுட்ட றாத்தல் பாண் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது இல்லை. சோற்றோடு இந்தச் சாறு சேராது. மிளகு மட்டும் நிற்கும்.

உடைத்த கோதுகளை எறிந்துவிடாதீர்கள். மிஞ்சிய மாசிச் சாற்றில் தண்ணீர் சேர்த்து, கோதுகளைப் போட்டு 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்துவைத்தால், அடுத்த நாள் ஒடியற் கூழுக்கு அதுவே தண்ணீர். புளியைக் கொஞ்சம் குறைத்துக் கரையுங்கள், தக்காளியின் புளிப்பு ஏற்கெனவே அதில் இருக்கும்.