மூன்று காற் குதிரையும் பதின்மூன்று கலைஞரும்

நாட்டை அந்நியப் படை கைப்பற்றியிருக்கும் வேளையில் ஓவியன் செய்யத்தக்கது யாது? தூரிகையை வைத்துவிட்டுத் துப்பாக்கியை ஏந்துவதா? நற்காலம் வரும்வரை வாய்மூடிக் காத்திருப்பதா? அன்றி, தான் வரைய விரும்பியதையே வரைந்து பலரறியக் காட்சிக்கு வைப்பதா? இவ்வினா வெறுங் கற்பனையன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலே கலைஞர்கள் நாள்தோறும் எதிர்நோக்கிய வினா இது. டென்மார்க்கைச் சேர்ந்த இளங்கலைஞர் குழுவொன்று இதற்கு அளித்த விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1941 முதல் 1944 வரை அவர்கள் நடத்திய "ஹெல்ஹெஸ்டன்" என்னும் சஞ்சிகையின் பெயராலேயே அக்குழு இன்று அறியப்படுகின்றது.

அவர்தம் செயலின் பெறுமதியை அறியவேண்டுமாயின், கலையைப் பற்றி நாசிகள் கொண்டிருந்த கொள்கையை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியிற் கலைத்துறை முழுவதையும் அரசின் பிடிக்குட் கொணரும் பண்பாட்டு மன்றம் நிறுவப்பட்டது. 1937 ஜூலையில் மியூனிக் நகரில் அடுத்தடுத்த இரு நாள்களில் இரு காட்சிகள் தொடங்கின. ஒன்று, அரசு போற்றிய "மகத்தான ஜேர்மன் கலை". மற்றையது, அரசு இகழ்ந்த "இழிந்த கலை". பின்னதில் ஏறத்தாழ 650 படைப்புகள் பார்வையாளர் எள்ளி நகையாடுமாறு நெருக்கித் தொங்கவிடப்பட்டன. குழந்தையின் கோடுகளையும், ஆபிரிக்க முகமூடிகளையும், மனநோயாளரின் சித்திரங்களையும் நினைவூட்டும் ஓவியமெல்லாம் இனத்தின் வீழ்ச்சிக்குச் சான்று என்பது அவர்தம் வாதம். இவ்வாறு அரசு தீர்ப்புக் கூறியபின், ஒருவன் அருவ ஓவியம் வரைவது தானாகவே அரசியற் செயலாகிவிட்டது. வரைந்தவன் அதனை எண்ணினானோ இல்லையோ என்பது வேறு செய்தி.

டேனிய இளைஞர் இப்புதிய கலையை முன்னரே அறிந்திருந்தனர். எய்லர் பில்லே, றிச்சார்ட் மோர்ட்டென்சன், வில்கெல்ம் பியெர்க்கே பீட்டர்சன் ஆகியோர் 1934 இல் "லினியென்" என்ற குழுவைத் தொடங்கி, அருவக் கலையையும் சர்ரியலிசத்தையும் தம் நாட்டிற் பரப்பினர். 1938 இற் பிக்காசோவின் "குவேர்னிகா" ஸ்கந்திநேவிய நாடுகளிற் காட்டப்பட்டபோது கொப்பன்கேகனுக்கும் வந்தது. அஸ்கர் யோர்ண் பாரிசிலே லெஜேயிடம் பயின்று திரும்பினார். கார்ல் ஹென்னிங் பீட்டர்சன் 1939 இற் பாரிசுக்குப் போய் மீளும் வழியில் பிராங்க்பர்ட் நகரில் "இழிந்த கலை"க் காட்சியையே நேரிற் கண்டார். இகழ்வதற்கென்று தொங்கவிடப்பட்டிருந்த ஓவியங்களை அவர் கற்பதற்கென்று நோக்கினார். எகில் யாக்கொப்சன் செக்கோசிலவாக்கியா கூறுபோடப்பட்ட 1938 ஆம் ஆண்டில் "குவிப்பு" என்னும் பெரும் ஓவியத்தைத் தீட்டினார். அதிற் படைவீரனும் இல்லை; கொடியும் இல்லை. முகமூடி போன்றதோர் உருவம் வழிந்தோடும் வண்ணங்களுக்கிடையே தோன்றியும் மறைந்தும் நிற்கின்றது. ஆயினும் அக்காலத்தின் அச்சம் முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது எனலாம்.

1940 ஏப்பிரில் 9 ஆந் திகதி ஜேர்மன் படை டென்மார்க்கினுட் புகுந்தது. ஒரு காலைப் பொழுதிலேயே நாடு பணிந்தது. ஆனால் இவ்வாக்கிரமிப்பு போலந்தில் நிகழ்ந்ததைப் போன்றதன்று. டென்மார்க்கின் வெண்ணெயும் பன்றியிறைச்சியும் ஜேர்மனிக்கு வேண்டியிருந்தன; நாடு அமைதியாயிருந்தாற் காவலுக்குப் படையும் அதிகம் வேண்டுவதில்லை. ஆதலின் டேனிய அரசரும் அமைச்சரவையும் நீதிமன்றங்களும் முன்போலவே இயங்க விடப்பட்டன. பத்திரிகைகள் தணிக்கைக்குட்பட்டன, எனினும் ஜேர்மனியிற் போன்ற பண்பாட்டு மன்றம் ஈண்டு நிறுவப்படவில்லை. ஒல்லாந்திலோ நிலைமை வேறு. அங்கே அத்தகைய மன்றத்திற் சேராத கலைஞன் தன் படைப்பைக் காட்சிக்கு வைக்கவோ விற்கவோ இயலாது. டேனியக் கலைஞருக்குச் சிறியதோர் இடைவெளி கிடைத்தது. கிடைத்த இடைவெளியை அவர்கள் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதே நாம் கருதவேண்டுவது.

யோர்ணின் முயற்சியாலும் கட்டடக் கலைஞரான றொபேட் டால்மன் ஓல்சனின் ஆசிரியப் பொறுப்பாலும் 1941 இல் "ஹெல்ஹெஸ்டன்" வெளிவந்தது. பெயரே சிந்தனைக்குரியது. நம்மவர் இயமனுக்கு எருமையை ஊர்தியாகக் கூறுவர். டேனிய நாட்டுக் கதைகளிலோ சாவின் தூதாக வருவது மூன்று காற் குதிரையொன்று. இடுகாட்டருகே அது நொண்டி நடக்கும் ஓசையைக் கேட்டவர் நெடுநாள் வாழார் என்பது நம்பிக்கை. கடும் நோயினின்று பிழைத்தெழுந்தவர், "சாவுக்கு ஒரு மரக்கால் ஓட்சுத் தானியம் கொடுத்தேன்" என்று கூறும் வழக்கும் அங்குண்டு. அக்குதிரையின் பசி தீர்த்து அனுப்பினோம் என்பது கருத்து. நாசிகள் வடநாட்டுப் பழங்கதைகளிலிருந்து வீரரையும் வெற்றியையும் எடுத்துத் தம் இனப்பெருமைக்கு அணியாக்கினர். இவ்விளைஞரோ அதே கதைக் களஞ்சியத்திலிருந்து நொண்டிக் குதிரையொன்றைத் தேர்ந்தெடுத்தனர். பழமை எவர்க்கும் தனியுடைமையன்று என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

சஞ்சிகையின் உள்ளடக்கமும் இக்கருத்தையே வலியுறுத்தியது. டென்மார்க்கின் கிராமத்துத் தேவாலயங்களில் இடைக்காலத்துச் சுவரோவியங்கள் பல உள்ளன. பெயரறியாக் கலைஞர் தீட்டிய அவற்றிலே தேவதூதரும் பேய்களும் விலங்குகளும் அச்சமும் நகையும் தோன்றக் கலந்து காணப்படும். இவையே தம் மரபு எனக் குழுவினர் கூறினர். தொல்பொருள் அறிஞர் கிளொப் அதற்குக் கட்டுரை வழங்கினார். பிறநாட்டுப் பழங்குடிக் கலை, சிறுவர் சித்திரம், திரைப்படம் முதலியனவும் அதில் இடம்பெற்றன. யோர்ண் 1941 இல் எழுதிய கட்டுரையொன்றில், கற்றோர் இகழும் மலிவான சுவர்ப்படங்களும் பச்சைகுத்தும் சித்திரங்களும் கூட உயிருள்ள கலையே என வாதித்தார். நாசிகள் எவற்றையெல்லாம் இழிந்தவை என ஒதுக்கினரோ அவற்றையெல்லாம் இவர்கள் ஊற்றுக்கண்ணாகக் கொண்டனர் என்பது ஒப்பிட்டு நோக்குவார்க்குப் புலனாகும்.

அதே 1941 இற் குழுவினர் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தனர். இடம் கொப்பன்கேகனுக்கு வடக்கே, பெல்வியூக் கடற்கரையை அடுத்த வெளி. மண்டபமில்லை, கூடாரமொன்றே அமைத்தனர். "கூடாரத்திற் பதின்மூன்று கலைஞர்" என்பதே அக்காட்சிக்கு அவர்கள் இட்ட பெயர். பதின்மூன்று என்னும் எண்ணை ஐரோப்பியர் தீய குறியாகக் கருதுவர் என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கது. நகரத்து மக்கள் விடுமுறை நாள்களிற் குடும்பத்தோடு நீராடவும் உலாவவும் செல்லும் இடம் அது. ஓவியக்கூடத்தின் படியேறத் தயங்குவோரும் கூடாரத்தினுள் எட்டிப் பார்ப்பர். கலையை மேன்மக்களின் மண்டபத்திலிருந்து பொதுமக்களின் வெளிக்குக் கொணர்வதே அவர்தம் எண்ணம்.

நாள் செல்லச் செல்ல இடைவெளி குறுகியது. 1941 இற் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. குழுவினருட் சிலர் அக்கட்சியைச் சார்ந்தோர். யோர்ண் அதன் வெளியீடுகளை இரகசியமாக அச்சிடும் பணியிலும் ஈடுபட்டார். 1943 ஓகஸ்ட் 29 இல் டேனிய அரசாங்கம் செயலிழந்தது, படையாட்சி வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் 7,000 க்கும் மேற்பட்ட யூதர் மீன்பிடி வள்ளங்களில் இரவோடிரவாகச் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றப்பட்டனர். 1944 இற் பொலிசாரே சிறைப்பிடிக்கப்பட்டனர். அந்த 1944 ஆம் ஆண்டில் இக்கலைஞர் கூடிச் செய்த பணி வியப்புக்குரியது. கொப்பன்கேகனின் ஹியோர்ட்டேகாட வீதியிலிருந்த பாலர் பாடசாலையொன்றின் சுவர்களை அவர்கள் ஓவியங்களால் நிரப்பினர். துப்பாக்கி ஒலிக்கும் நகரிலே, எழுதப் படிக்க அறியாச் சிறார் காணும்பொருட்டு அவை தீட்டப்பட்டன.

போர் முடிந்த பின்னர் இம்முயற்சியின் பயன் வெளிப்பட்டது. 1948 நவம்பர் 8 ஆந் திகதி பாரிசின் உணவகமொன்றில் யோர்ணும் பெல்ஜிய, ஒல்லாந்துக் கலைஞர் சிலரும் கூடி "கோப்ரா" என்னும் குழுவை நிறுவினர். கொப்பன்கேகன், பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்னும் நகரப் பெயர்களின் முதலெழுத்துகளாலாய பெயர் அது. ஒல்லாந்து இளைஞர் போர்க்காலத்தில் இழந்த ஆண்டுகளை டேனியர் இழக்கவில்லை. முகமூடியும் விலங்கும் குழந்தைக் கோடும் கலந்த ஓவியமொழியொன்றை அவர்கள் ஆக்கிரமிப்பின் நடுவிலேயே பயின்று முதிர்ந்திருந்தனர். 1951 இற் கலைந்த கோப்ரா, ஐரோப்பிய ஓவியத்தில் அழியாத் தடம் பதித்தது. அத்தடத்தின் தொடக்கம் கடற்கரைக் கூடாரத்தில் உள்ளது.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இக்காட்சி எதிர்ப்பியக்கச் செயலாகுமா? ஆம் என்று விரைந்து கூறுவது பொருந்தாது. இக்கூடாரத்தால் எந்தப் படையும் பின்வாங்கவில்லை. அதனை நடத்த இயன்றதும் ஒருவகையில் ஆக்கிரமிப்பாளர் வேறு காரணத்துக்காக விட்டுவைத்த இடைவெளியாலேயே. தண்டவாளத்தைத் தகர்த்தவரையும் இருளில் வள்ளம் செலுத்தியவரையும் ஓவியரோடு ஒரே தராசில் நிறுத்தல் நீதியன்று. ஆயினும் அதனைப் பொருளற்றதென ஒதுக்குவதும் பிழை. கொடுங்கோன்மை நிலத்தை மாத்திரம் கைப்பற்றுவதில்லை. எது அழகு, எது நமது பழமை, எதனைக் கண்டு நகைக்கலாம் என்பவற்றையும் தானே விதிக்க முயல்கின்றது. அந்த உரிமையை இவர்கள் கையளிக்க மறுத்தனர். மறைவாக மறுத்திருந்தால் அஃது ஒவ்வொருவரின் மனச்சாட்சியோடு நின்றிருக்கும். பலர் கூடும் இடத்திற் காட்சிக்கு வைத்தமையால் அது பொதுச் சொத்தாயிற்று. 1945 மே மாதம் விடுதலை வந்தபோது, டேனியர் மீளப் பெறவேண்டியவை பலவாயிருந்தன. இவ்வுரிமை அவற்றுள் ஒன்றாக இருக்கவில்லை. அதனை அவர்கள் இழந்ததேயில்லை.