வாசலிலேயே வண்டி

இரவு பத்து மணி. அமெரிக்க நெடுஞ்சாலையில் நாளெல்லாம் வண்டி ஓட்டிக் களைத்தவர் தேடுவது ஒரு நியான் பலகையை. 'வேகன்சி' என்று மட்டும் எரிந்தால் அறை காலி. முன்னால் 'நோ'வும் சேர்ந்து எரிந்தால் அடுத்த ஊரைப் பார்க்க வேண்டியதுதான். அந்த 'நோ'வுக்குத் தனி சுவிட்ச் உண்டு. கடைசிச் சாவியைக் கொடுத்ததும் அதைத் தட்டிவிட்டு உரிமையாளர் படுக்கப் போய்விடலாம்.

இதுதான் மோட்டல். மோட்டாரும் ஹோட்டலும் ஒட்டிப் பிறந்த பெயர். 1925-இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய விடுதி இந்தப் பெயருடன் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் ஏறக்குறைய நடுவில் உள்ள ஊர் அது. அன்றைய கார்களுக்கு அந்தத் தூரம் ஒரே நாளில் ஆகாது. ஓரிரவு தங்க வாடகை ஒன்றேகால் டாலர்.

மோட்டலின் மலிவு அதன் வடிவத்திலேயே இருக்கிறது. நகரத்து ஹோட்டலில் பெரிய வரவேற்புக் கூடம், உள்தாழ்வாரம், லிஃப்ட், பெட்டி தூக்க ஆள் என்று எல்லாவற்றுக்கும் செலவு. மோட்டலில் 'ப' வடிவிலோ 'எல்' வடிவிலோ வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவும் நேரே வெளியே திறக்கும். வண்டி நிற்பது வாசலில். பெட்டியை நாமே நாலு எட்டில் உள்ளே வைத்துவிடலாம். ஊருக்கு வெளியே நிலமும் மலிவு.

1962-இல் சான்டா பார்பராவில் கட்டட ஒப்பந்தக்காரர்கள் இருவர் இந்தச் சிக்கனத்தை இன்னும் இறுக்கினார்கள். சின்ன அறை, காசு போட்டால் ஓடும் கறுப்பு வெள்ளை டிவி. கூட்டிக் கழித்துப் பார்த்து இரவுக்கு ஆறு டாலர் என்று வைத்தார்கள். அந்தத் தொகையே 'மோட்டல் 6' என்று பெயரானது. இன்று அமெரிக்க மோட்டல்களில் பெரும்பங்கை நடத்துபவர்கள் இந்திய வம்சாவளியினர், அதிலும் குஜராத்திப் பட்டேல்கள். அலுவலகத்தை ஒட்டியே வீடு, குடும்பமே வேலையாட்கள். அங்கேயும் செலவு மிச்சம்தான்.

தங்கப் போகிறவர்களுக்கு இரண்டு சேதி. பலகையில் போட்டிருக்கும் வாடகையில் வரி பெரும்பாலும் சேராது. மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையில் ஐஸ் கொட்டும் இயந்திரம் ஒன்று நிற்கும். ஐஸ் இலவசம். ஆனால் விடிய விடிய உறுமும். அதற்குப் பக்கத்து அறை மட்டும் வேண்டாம்.