எலுமிச்சை ரூ.50 ஆயிரம், வாழைப்பழம் ரூ.52 கோடி... ஏலத்தில் விலையை ஏற்றுவது யார் தெரியுமா?

ஒரு எலுமிச்சம்பழம் என்ன விலை இருக்கும்? கோடைக்காலத்தில் பத்து ரூபாயைத் தாண்டினாலே வாங்க யோசிப்போம். ஆனால் 2024 மார்ச்சில், விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே உள்ள ஒட்டனந்தல் கிராமத்தில், ஒரே ஒரு எலுமிச்சம்பழம் ரூ.50,500-க்கு ஏலம் போனது.

அதே ஆண்டு நவம்பரில், நியூயார்க்கில் ஒரு வாழைப்பழம் ஏலத்துக்கு வந்தது. சுவரில் டேப் போட்டு ஒட்டிய சாதாரண வாழைப்பழம். விலை 62 லட்சம் டாலர். நம்ம காசுக்கு சுமார் ரூ.52 கோடி!

"பணம் இருக்கிறவங்க ஏதோ பண்றாங்க" என்று இந்தச் செய்திகளைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதே ஏல முறைதான் நம்ம செல்போன் சிக்னலின் விலையையும், அடகு வைத்த நகையின் விலையையும் முடிவு செய்கிறது. அதனால் ஏலம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எலுமிச்சையில் அப்படி என்ன இருக்கு?

ஒட்டனந்தல் ரத்தினவேல் முருகன் கோயிலில் பங்குனி உத்திர விழா ஒன்பது நாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் கருவறையில் உள்ள வேலில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகி பூஜை செய்வார்கள். விழா முடிந்ததும் இரவில் அந்த ஒன்பது பழங்களும் ஏலம் விடப்படும். அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் குழந்தை பாக்கியம் கிடைக்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

முதல் நாள் பழத்துக்குத்தான் கிராக்கி அதிகம். 2024-ல் அந்தப் பழம்தான் ரூ.50,500-க்குப் போனது. ஒன்பது பழங்களும் சேர்த்து ரூ.2.36 லட்சம்.

இதில் பழத்தின் விலை பத்து ரூபாய்கூட இல்லை. மீதி மொத்தமும் ஒரு தம்பதியின் ஏக்கம். அதே பழத்துக்காக இன்னொரு தம்பதியும் அங்கே நின்று விலை கேட்கிறார்கள். அதனால்தான் விலை ஏறுகிறது.

ஐதராபாத் பாலாபூர் விநாயகர் லட்டு கதையும் இதுதான். 1994-ல் முதல் ஏலத்தில் அந்த லட்டு போன விலை வெறும் ரூ.450. 2025-ல் அதே பாலாபூர் லட்டு ரூ.35 லட்சம்! லட்டு கிடைத்தால் அந்த வருஷம் செல்வம் கொழிக்கும் என்பது நம்பிக்கை. ஏலம் எடுத்தவர் என்ற பெயர் ஊரெல்லாம் பேசப்படும் என்பதும் ஒரு காரணம்.

ரூ.52 கோடி வாழைப்பழம்: வாங்கியது என்ன?

அந்த வாழைப்பழம் இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலானின் 'காமெடியன்' என்ற படைப்பு. 2019-ல் மயாமி கலைக் கண்காட்சியில் முதலில் வைக்கப்பட்டபோதே 1.2 லட்சம் டாலருக்குப் போய் பரபரப்பானது. 2024-ல் சோத்பிஸ் நிறுவனம் ஏலம் விட்டபோது, அதிகபட்சம் 15 லட்சம் டாலர் போகலாம் என்றுதான் கணித்திருந்தது. போனதோ நான்கு மடங்கு.

சுவரில் ஒட்டியிருந்த பழம், அன்றைக்குத் தெருவோரப் பழக்கடையில் 35 சென்டுக்கு வாங்கியது. ஏறத்தாழ 30 ரூபாய். பழம் அழுகினால் மாற்றிக்கொள்ளலாம். அப்படியென்றால் 52 கோடி எதற்கு?

ஒரு சான்றிதழுக்கு. "இதைச் சுவரில் ஒட்டினால் அது கட்டெலானின் படைப்பு" என்று சொல்லும் உரிமை அந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஏலம் எடுத்த கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன், சில நாளில் ஹாங்காங்கில் கேமராக்கள் முன்னால் அந்தப் பழத்தை உரித்துச் சாப்பிட்டே விட்டார். சான்றிதழ் பத்திரமாக இருப்பதால் படைப்பும் அவரிடமே இருக்கிறது!

விலையை முடிவு செய்வது ஜெயித்தவரா, தோற்றவரா?

இங்கேதான் ஏலத்தின் ரகசியமே இருக்கிறது. கடையில் விலையைச் சொல்வது விற்பவர். ஏலத்தில் விலையைச் சொல்வது, கடைசியாக விட்டுக்கொடுத்தவர்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறோம். ஒரு பொருளுக்கு நீங்கள் ஒரு லட்சம் வரை தரத் தயார். எதிரில் இருப்பவர் பத்தாயிரத்திலேயே நின்றுவிட்டால், நீங்கள் பத்தாயிரத்துக்கு மேல் கொஞ்சம் சொன்னாலே போதும், பொருள் உங்களுக்கு. அவர் தொண்ணூறாயிரம் வரை வந்தால், நீங்களும் அதைத் தாண்டித்தான் ஆகணும். ஆக, நீங்கள் கட்டும் பணம் உங்கள் ஆசையின் அளவு கிடையாது. உங்களிடம் தோற்றவரின் ஆசையைவிட ஒரு படி மேலே. அவ்வளவுதான்.

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது இன்னும் நல்லா தெரியும். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் ரிஷப் பண்ட்டின் அடிப்படை விலை ரூ.2 கோடி. ஐதராபாத்தும் லக்னோவும் மோதியதில் ரூ.20.75 கோடிக்கு லக்னோ முன்னிலையில் இருந்தது. அப்போது டெல்லி அணி, பழைய வீரரைத் தக்கவைக்கும் 'ரைட் டு மேட்ச்' கார்டை எடுத்தது. உடனே லக்னோ ஒரே தாவாகத் தாவி ரூ.27 கோடி என்றது. டெல்லி பின்வாங்கியது. ஐ.பி.எல். வரலாற்றிலேயே அதுவரை இல்லாத விலை. அதை ஏற்றியதில் பண்ட்டை வாங்காமல் போன இரண்டு அணிகளின் பங்குதான் பெரிது.

செய்தியில் வரும் தொகை எது?

ஏலச் செய்தி படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுத்தியல் தட்டும்போது இருக்கும் விலை ஒன்று. வாங்குபவர் கட்டும் விலை வேறு. பெரிய ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடமும் கட்டணம் வசூலிக்கின்றன.

உதாரணம், 2025 ஜூலையில் நியூயார்க்கில் விற்ற செவ்வாய் கிரகக் கல். சுமார் 24.7 கிலோ எடை. பூமியில் இதுவரை கிடைத்த செவ்வாய்க் கற்களிலேயே இதுதான் பெரியது. சுத்தியல் தட்டியது 43 லட்சம் டாலருக்கு. கட்டணம் எல்லாம் சேர்த்து வாங்கியவர் கட்டியது சுமார் 53 லட்சம் டாலர். நம்ம காசுக்கு ரூ.45 கோடி. கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் கட்டணமாகவே போயிருக்கிறது.

'ஜெயித்தவரின் சாபம்' என்றால் என்ன?

ஒரு பொருளின் உண்மையான மதிப்பு யாருக்கும் தெரியாதபோது, ஆளாளுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள். யாருடைய கணக்கு ரொம்ப அதிகமோ, அவர்தான் ஏலத்தில் ஜெயிப்பார். அதாவது, அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர் ஜெயிக்கிறார்! இதைத்தான் பொருளாதாரத்தில் 'ஜெயித்தவரின் சாபம்' என்கிறார்கள்.

இதற்குச் சரித்திரத்திலேயே பெரிய உதாரணம் ரோம். கி.பி. 193-ல் மன்னரைக் கொன்ற மெய்க்காவல் படையினர், சாம்ராஜ்யத்தையே ஏலம் விட்டார்கள். ஒருவர் வீரருக்குத் தலா 20,000 செஸ்டர்ஸ் என்றார். டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர் 25,000 என்றார். ரோமே அவர் கைக்கு வந்தது. 66 நாளில் பதவியும் போனது, உயிரும் போனது.

இந்தச் சாபத்தில் ஏலம் கேட்பவர்கள் சிக்காமல் இருக்க, ஏல விதிகளை எப்படி அமைக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பால் மில்கிரோம், ராபர்ட் வில்சன். இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்கள் வடிவமைத்த முறையில்தான் 1994 முதல் அமெரிக்கா அலைக்கற்றையை ஏலம் விட ஆரம்பித்தது.

அலைக்கற்றை கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனால் உங்கள் போனில் இந்தச் செய்தி வருவதே அதன் வழியாகத்தான். இந்தியாவில் 2008-ல் 'முதலில் வந்தவருக்கு முன்னுரிமை' முறையில் கொடுத்த 122 உரிமங்களை, 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நடந்த 5ஜி ஏலம் ஏழு நாள், 40 சுற்று ஓடியது. அரசுக்குக் கிடைத்த கேட்பு சுமார் ரூ.1.5 லட்சம் கோடி.

எதை வேண்டுமானாலும் ஏலம் விடலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி.

2009 மார்ச்சில் காந்தியின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, பாக்கெட் கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. இந்தியாவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. விற்க வந்தவரே கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்றும் ஏலம் நிற்கவில்லை. விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். எளிமைக்கே பெயர் போன ஒருவரின் செருப்பையும் தட்டையும் இந்தியாவுக்கு மீட்க அவ்வளவு பணம் தேவைப்பட்டது.

2025 மே மாதம் இன்னும் பெரிய சிக்கல். உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவா கிராமத்தில், 1898-ல் ஆங்கிலேயர் வில்லியம் பெப்பே ஒரு ஸ்தூபியைத் தோண்டினார். புத்தரின் அஸ்தி என்று கருதப்படும் எலும்புத் துண்டுகளும், அதோடு வைக்கப்பட்ட ரத்தினங்களும் கிடைத்தன. பெரும்பகுதி கொல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒரு பகுதி மட்டும் பெப்பே குடும்பத்திடமே தங்கிவிட்டது. அந்த ரத்தினங்கள்தான் ஹாங்காங்கில் மே 7-ம் தேதி ஏலத்துக்கு வைக்கப்பட்டன.

"இவை நகைகள் அல்ல, புத்தருக்குச் செலுத்திய காணிக்கை. இதை விற்க யாருக்கும் உரிமை இல்லை" என்பதுதான் எதிர்ப்பின் சாரம். மத்திய கலாசார அமைச்சகம் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பியது. ஏலம் நின்றது. ஜூலை 30-ம் தேதி ரத்தினங்கள் இந்தியா வந்து சேர்ந்தன. ஆனால் சும்மா வரவில்லை. கோத்ரெஜ் குழுமம் பணம் கொடுத்து வாங்கித்தான் வந்தன.

மேலே சொன்ன செவ்வாய்க் கல்லுக்கும் இதே கேள்வி வந்தது. அது ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் 2023-ல் கிடைத்தது. அங்கிருந்து எப்படி வெளியே போனது என்று நைஜர் அரசு விசாரணை அறிவித்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது என்கிறது ஏல நிறுவனம்.

ஏலம் 'என்ன விலை' என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். 'இது யாருடையது' என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. அதை அரசும் நீதிமன்றமும் மக்களும்தான் கேட்கணும்.

நம்ம வீட்டு நகை ஏலத்துக்கு வந்தால்?

கோடிக்கணக்கில் போகும் ஏலங்கள் டிவியில் வரும். நம்மில் பலருக்குத் தெரிந்த ஏலம், பேப்பரில் பொடி எழுத்தில் வரும் அடகு நகை ஏலம்தான். அங்கே நிலைமை அப்படியே தலைகீழ். எதிரில் நின்று விலை ஏற்ற ஆள் இருக்காது. ரெண்டாவது ஆள் இல்லாத ஏலத்தில் தாலிச் சங்கிலியும் அடிமாட்டு விலைக்குப் போகும்.

அந்த ரெண்டாவது ஆளின் வேலையைச் செய்யத்தான் குறைந்தபட்ச விலை என்ற விதி இருக்கிறது. 2025-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி:

• ஏலத்துக்கு முன்பு கடன் வாங்கியவருக்கு முறையாக நோட்டீஸ் கொடுத்து, பணம் கட்ட அவகாசம் தர வேண்டும்.

• குறைந்தபட்ச விலை, நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85 சதவீதம் வரை இறக்கலாம்.

• கடன், வட்டி, செலவு போக மிஞ்சும் பணத்தை ஏழு வேலை நாட்களுக்குள் நகைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கடைசி விதி பலருக்கும் தெரிவதில்லை. "நகைதான் போச்சே" என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். தங்கம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில், கடன் போக மிஞ்சும் தொகை சின்னதாக இருக்காது. உங்கள் நகை ஏலத்துக்குப் போயிருந்தால், எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்று கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் உங்களுடையது.