வெள்ளச் சேற்றில் பழைய டிராக்டரை இறக்கலாமா?

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. இனியும் இப்படி நேர்ந்தால், தோட்டத்தில் படிந்த சேற்றை வழிக்கப் பழைய டிராக்டரை அவசரப்பட்டு இறக்காதீர்கள். ஈர மண் அதன் எடையில் இறுகிவிடும். அந்த இறுக்கம் ஓர் உழவில் போகாது.

முதலில் வடிகால் வெட்டுங்கள். மண்ணை உருண்டை பிடித்து விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் மட்டும் வண்டி இறங்கலாம். வண்டியும் வெள்ளத்தில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்; மாற்றியாக வேண்டும்.

பிளேடை முழு ஆழத்துக்கு இறக்காமல், சிறு கியரில் இரண்டு மூன்று தடவையாக வழியுங்கள். விரற்கடை வண்டலை அள்ளவே வேண்டாம், உழுது கலந்துவிடலாம். மா, எலுமிச்சை மரத்தடியில் மட்டும் மண்வெட்டிதான். சாக்கடை கலந்த வெள்ளம் என்றால், மண் பரிசோதனைக்குப் பிறகே கீரை விதையுங்கள்.