ஹெட்போனில் கேட்ட இதயம்

பத்து வருடங்களுக்கு மேலாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிழைப்பவள் நான். மைக்கில் மூச்சு மோதும் சத்தம், கலையகத்தின் மூலையில் ஏர்கோன் முனகுவது எல்லாம் எனக்குச் சட்டென்று பிடிபடும். வீட்டிலும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் ஏதோ மாதிரி சத்தம் போடுகிறது என்று நடு இரவில் எழுந்து உட்கார்ந்ததுண்டு. இந்தக் காது என்றாவது மருத்துவப் படிப்புக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள் யாருக்கும் மறந்திருக்காது. என் அக்கா மகள் அப்போது மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டு. இரண்டு வருடம் புத்தகத்தோடு மாரடித்துவிட்டு, அப்போதுதான் வார்டுக்குள் காலடி வைத்திருந்தாள். அக்கா வாங்கிக் கொடுத்த ஸ்டெதஸ்கோப்பின் புது வாசம்கூடப் போயிருக்காது. மாணவர்கள் யாரும் வார்டுக்கு வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாடமெல்லாம் இயங்கலைக்கு மாறியது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு வார்டு.

"போன்ல பாத்துப் படிச்ச டாக்டர்கிட்ட நான் நெஞ்சக் காட்ட மாட்டேன், ஆமா" என்றார் என் அப்பா. பேத்தியைச் சீண்டுவதற்காகச் சொன்னதுதான். ஆனால் அவள் முகம் வாடிப்போனது. அதே பயம் அவளுக்கும் இருந்தது.

ஒரு நாள் இரவு அழைத்தாள். "சித்தி, உங்களுக்குத்தான் சவுண்டு நல்லாத் தெரியுமே, இதக் கொஞ்சம் கேளுங்க." அன்றைய வகுப்பின் பதிவை அனுப்பியிருந்தாள். விரிவுரையாளர் இதய வால்வு நோய்களின் ஓசையைப் போட்டுக் காட்டுகிறார். கணினியில் எதுவுமே கேட்கவில்லை. நடுநடுவே காகிதத்தைத் தேய்ப்பது போல ஏதோ வந்து அறுந்து போகிறது. "எல்லாருக்கும் கேட்டதா?" என்று அவர் கேட்க, திரையின் ஓரத்தில் வரிசையாக "கேட்டது டாக்டர்", "கேட்டது டாக்டர்" என்று வந்து விழுகிறது.

"நீயும் அப்படித்தான் போட்டியா?"

"எனக்கு மட்டும்தான் கேக்கலையோன்னு பயந்துட்டேன் சித்தி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு நம் நெஞ்சில் குழலை வைக்கப் போகிறவர்கள் இவர்கள்தானே.

கோளாறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது என் தொழில். இயங்கலைக் கூட்டச் செயலிகள் மனிதப் பேச்சைக் கடத்துவதற்காகச் செய்யப்பட்டவை. மின்விசிறிச் சத்தம், இரைச்சல் என்று பேச்சு அல்லாத எதையும் தேவையற்றதாக எண்ணி அவை வடிகட்டிவிடும். இதயத் துடிப்பும் அதற்கு இரைச்சல்தான்! இன்னொன்று, இதய ஓசையின் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடித்தொண்டைச் சத்தம். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அதைக் கொடுக்கவே முடியாது. நல்ல ஹெட்போன் வேண்டும், வடிகட்டும் வசதியை நிறுத்த வேண்டும், அதைவிட மேல், ஒலிக் கோப்பையே தனியாக அனுப்பிவிடுவது. அவள் தயங்கித் தயங்கி விரிவுரையாளருக்கு எழுதினாள். அவர் நல்ல மனிதர். அடுத்த வாரமே கோப்புகள் வந்தன.

என் பழைய கலையக ஹெட்போனை அவளுக்குக் கொடுத்தேன். முதலில் சரியான இதயம்: லப்-டப், லப்-டப். பிறகு வாத சுரத்தால் சுருங்கிப்போன மைட்ரல் வால்வு. டப்புக்குப் பிறகு, தூரத்தில் லாரி போவது போல ஓர் உறுமல். கைப்பேசியில் முதலில் தொலைந்து போவது இதுதான். அதை ஒரே நாளில் நூறு முறையாவது கேட்டிருப்பாள். இங்கேதான் தொழில்நுட்பத்துக்கு நான் கும்பிடு போடுவேன். வார்டில் இப்படி ஒரு நோயாளி கிடைத்தால், பத்து மாணவர்கள் வரிசையில் நின்று ஒரே நெஞ்சில் குழலை வைப்பார்களாம். அந்தப் பாட்டி என்ன பாடுபடுவார்! கோப்புக்கு வலிக்காது, சலிக்காது.

இதெல்லாம் நேற்று வந்த யோசனையும் இல்லை. 1816இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். 1968இல் மயாமி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோர்டன் 'ஹார்வி' என்ற பொம்மையைக் கொண்டுவந்தார். ஆளுயரப் பொம்மை, நாடி துடிக்கும், நோய்க்கு ஏற்ப நெஞ்சில் சத்தமும் வரும்.

வார்டு மறுபடி திறந்ததும் அவள் துள்ளிக் குதித்துப் போனாள். சாயங்காலம் சோர்ந்து திரும்பினாள். "சித்தி, ஃபேன் சத்தம்தான் கேக்குது!" கோப்பில் இருந்தது சுத்தமான இதயம். வார்டிலோ தள்ளுவண்டி, இருமல், பக்கத்துக் கட்டிலில் தொலைபேசிப் பேச்சு. நோயாளியை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்ல வேண்டும், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். அதை மலாயிலும் தமிழிலும், அவர் பயப்படாதபடி சொல்லத் தெரிய வேண்டும். எந்தக் கோப்பிலும் அது வரவில்லை. ஒரு தமிழ்ப் பாட்டி, "என்னம்மா, இருக்கா இல்லையா என் இதயம்?" என்று கேட்டாராம். இவள் சிரித்துவிட்டாள். பாட்டியும் சிரித்து முடித்து ஆசுவாசமானபோதுதான், முதல் முறையாக அந்த லாரி கேட்டதாம்.

ஹவுஸ்மேனாக இருந்தபோது ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாள். முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த அப்பா தானாகவே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "எங்க, போன் டாக்டர், கேளு பாப்போம்."

டிவியை நிறுத்தச் சொன்னாள். வலது பக்கம் மேலே வைத்தாள், கழுத்தில் வைத்தாள், மறுபடி நெஞ்சுக்கு வந்தாள். நேரம் ஆக ஆக அப்பாவின் சிரிப்பு குறைந்தது.

"தாத்தா, லேசா ஒரு சத்தம் இருக்கு. எனக்கு உறுதியாத் தெரியல. கிளினிக்ல எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்க. நானே கூட வர்றேன்."

"கேட்டதுன்னே சொல்லு, பரவால்ல" என்றார் அப்பா.

"தெரியலன்னா தெரியலதான் தாத்தா."

பிறகு குழலைக் கழற்றி என் காதில் மாட்டினாள். லப்புக்கும் டப்புக்கும் நடுவே, மெல்லிசாக, யாரோ ஊதுவது போல இருந்தது. எக்கோ எடுத்துப் பார்த்ததில் அப்பாவுக்கு ஒரு வால்வு கொஞ்சம் சுருங்கியிருந்தது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். அந்தத் தேதியை அப்பா காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் பேத்தியின் பெயர்.