கடல்கடந்து வந்த வானொலியும் நம் மின்சாரமும்

தமிழாசிரியனுக்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். பிறநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் பிறந்த மண்ணுக்குக் கருவிகளை அன்புடன் அனுப்பிவரும் இக்காலத்தில், யான் பட்டறிந்த ஒன்றைக் கூறுதல் கடனெனக் கருதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மண்சரிவுக் காலத்திற் பயன்படுமென்று அமெரிக்காவிலிருந்து நண்பரொருவர் வானொலித் தொடர்புக் கருவியொன்றைப் பூண்டுலோயாவுக்கு அனுப்பினார். ஓரிடத்தில் நிலையாக நின்று, தோட்டப் பிரிவுகளிற் கையிற் கொண்டு திரியும் சிறு கருவிகளுடன் பேசவல்லது அது. உரிய அனுமதி பெற்றபின், ஆவல் மிகுதியாற் செருகியை மட்டும் மாற்றி மின்சாரம் கொடுத்தோம். சற்று நேரத்திற் கருகிய நாற்றம் எழுந்தது. அவ்வாண்டு மாரியில், தொலைபேசி செயலற்ற இரவுகளில், அக்கருவி ஊமையாகவே கிடந்தது. பிழை எம்முடையதே. பின்புறத் தகட்டில் 120 வோல்ற்று என்று பொறித்திருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை.

நம் டன்சினேன் அருவியை நினைத்துப் பாருங்கள். நீர் வீழும் உயரம் வோல்ற்றளவு போன்றது. பாயும் நீரின் அளவு மின்னோட்டம் போன்றது. அமெரிக்க வீடுகளில் 120 வோல்ற்று. நம் நாட்டில் 230. ஏறத்தாழ இருமடங்கு உயரத்திலிருந்து விழும் நீரை அச்சிறு சில்லு தாங்குமா?

இதற்குப் பரிகாரம் நிலைமாற்றி. 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. முதற்சுருளின் சுற்றுகள் துணைச்சுருளினவற்றிலும் இருமடங்காயின், வோல்ற்றளவு பாதியாகும். சில கருவிகளின் உள்ளேயே இரு முதற்சுருள்கள் உண்டு. அவற்றைச் சமாந்தரமாக இணைத்தால் 115 வோல்ற்றுக்கும், தொடராக இணைத்தால் 230 வோல்ற்றுக்கும் பொருந்தும். அவ்வசதி இல்லாதவிடத்து வெளியே தனி நிலைமாற்றி வைத்தல் வேண்டும். கருவி 300 உவாற்று கொள்ளுமாயின், நிலைமாற்றி அதனிலும் தாராளமான வலுவுடையதாக இருத்தல் நன்று.

பலர் மறப்பது இரண்டு. முதலாவது மீடிறன். அங்கே மின்னோட்டம் செக்கனுக்கு 60 முறை ஊசலாடும். இங்கே 50 முறை. நிலைமாற்றி இதனை மாற்றாது. 60க்கென்றே அமைந்த சுருளில், வோல்ற்றளவு சரியாக இருப்பினும், காந்தப்பாயம் ஐந்திலொரு பங்கு மிகும், அகணி சூடேறும். இரண்டாவது உருகி. 300 உவாற்றுக் கருவி 120 வோல்ற்றில் 2.5 அம்பியர் கொள்ளும். 230இல் ஏறத்தாழ 1.3 அம்பியரே. உட்சுருள்களை மாற்றி இணைத்தபின் பழைய பெரிய உருகியையே விட்டுவைத்தால், ஆபத்து வேளையில் அது உருகாது, சுருளே உருகும்.

தகட்டில் 100 முதல் 240 வோல்ற்று, 50/60 என்றிருப்பின் கவலையில்லை. புவித்தொடுப்புள்ள செருகியே போதும். அஃதில்லையேல், பயின்ற மின்வினைஞரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் கருவியினுள்ளே உயிர்குடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

அனுப்பும் அன்பர் தகட்டைப் படித்து அனுப்புக. பெறுவோர் தகட்டைப் படித்தபின் பொருத்துக. செய்யுளையும் பதம் பிரித்துப் படித்தபின்னன்றோ பொருள் கூறுகின்றோம்!